தூணின் காடியைப் பட்டி போட்டு மூடுகிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் ‘புளூட்டட் பேனல்’ பற்றி ஒரு பக்கம் முழுக்க வந்திருந்தது. டிவிக்குப் பின்னால், பூஜை அறைக் கதவில், கிச்சன் மேடைக்குக் கீழே என்று எங்கெல்லாம் ஒட்டலாம் என்பதைப் படத்தோடு போட்டிருந்தீர்கள். வரிவரியாகப் பள்ளம் விழுந்த அந்தப் பலகையை ‘புதிதாக வந்திருக்கும் டிசைன்’ என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த நேரத்தில் நான் எங்கள் வீட்டுத் திண்ணையில் கையில் மூங்கில் சிம்போடு உட்கார்ந்து, தூணில் இருந்த அதே மாதிரிப் பள்ளங்களிலிருந்து பட்டியை (பெயிண்டுக்கு முன் சுவரில் பூசும் பசை) சுரண்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. வெட்டுவதென்றால் கிரேக்கக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், பட்டிக் கதையை விட்டுவிடுங்கள்.

நான் அரசு ஐடிஐயில் 31 வருடம் மரவேலைப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். அப்பா சுண்ணாம்புக் கொத்தனார். புரசைவாக்கத்தில் உள்ள எங்கள் வீட்டின் முகப்பில் நான்கு தூண்கள். 1962-ல் அப்பா தன் கையாலேயே பூசியவை. எனக்கு அப்போது எட்டு வயது. தண்ணீர் எடுத்துக் கொடுத்ததும், கடுக்காய் ஊறப்போட்ட பானையை மூடி வைக்க மறந்து திட்டு வாங்கியதும் நினைவிருக்கிறது. அந்தத் தூண்களில் மேலிருந்து கீழாக 24 பள்ளங்கள். அப்பா அதைக் ‘காடி’ என்றுதான் சொல்வார். பலகையில் நீளமாகப் பள்ளம் எடுப்பதைத் தச்சர்களும் காடி எடுப்பது என்றுதான் சொல்கிறோம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

போன மாதம் பத்து நாள் மகள் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போயிருந்தேன். வீட்டின் தரைத்தளத்தில் தம்பி மகன் குடும்பத்தோடு இருக்கிறான். “விசேஷம் வருது பெரியப்பா, பெயிண்ட் அடிச்சிடறோம்” என்று போனில் சொன்னான். நல்லது, அடி என்றேன். திரும்பி வந்து ஆட்டோவிலிருந்து இறங்கினால், தெரு மாறி இறங்கிவிட்டேனோ என்று சந்தேகம். நான்கு தூணும் வழவழவென்று பிவிசி பைப் மாதிரி நிற்கின்றன. காடி அத்தனையும் பட்டி போட்டு அடைத்து, தேய்த்து, மேலே பிளாஸ்டிக் பெயிண்ட். சரி, உள்ளேயாவது போவோம் என்று ஹாலுக்குப் போனேன். டிவிக்குப் பின்னால் சுவர் முழுக்கப் புத்தம்புது வரிப்பள்ளம், பிளாஸ்டிக்கில். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காபி கேட்டேன்.

மறுநாள் பெயிண்டரைக் கூப்பிட்டுப் பேசினேன். நல்ல பிள்ளை. தூசி அடைகிறது, ரோலர் உள்ளே போகாது, பெயிண்ட் அதிகம் இழுக்கும் என்று மூன்று காரணம் சொன்னார். மூன்றும் உண்மைதான். அன்று மத்தியானம் சும்மா இருக்க முடியாமல் பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தூணின் சுற்றளவு கீழே 39 அங்குலம். காடி ஒன்றேகால் அங்குல அகலம். இரண்டு காடிக்கு நடுவே மூன்று நூல் அகலத்துக்கு ஒரு தட்டைப் பட்டை. (எட்டு நூல் ஓர் அங்குலம் என்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.) காடி சரியான அரைவட்டம் என்றால், அதன் வளைவைத் தொடர்ந்து அளக்கும்போது அந்த 39 அங்குலம் 56 அங்குலமாகிவிடும். அதாவது நூறு ரூபாய்ப் பெயிண்டுக்கு 144 ரூபாய்ப் பெயிண்ட். பெயிண்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூடுதல் 17 அங்குலத்துக்காகத்தானே அப்பா அந்தப் பாடு பட்டார்!

எப்படிப் பட்டார் என்பதையும் சொல்கிறேன். செங்கல்லை வட்டமாகக் கட்டி முதல் பூச்சு முடிந்ததும், தூணைச் சுற்றி ஒரு நூலை இறுக்கிப் பிடித்து, ஒரு சுற்றுக்கு வெட்டிக்கொள்வார். அந்த நூலை இரண்டாக மடித்து, மறுபடி மடித்து, இன்னொரு முறை மடித்தால் எட்டு. ஒவ்வொரு எட்டிலும் மூன்று பாகம், ஆக 24. அடிக்கோல் தொடவே மாட்டார். மடிப்பு விழுந்த இடங்களில் கரியால் புள்ளி வைத்து, நூலைத் திரும்பத் தூணில் சுற்றி அந்தப் புள்ளிகளைப் பூச்சில் மாற்றுவார். மேலேயும் அப்படியே. தூண் மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். எங்கள் தூணின் உச்சியில் சுற்றளவு 33 அங்குலம்தான். ஆனாலும் அங்கேயும் அதே 24 காடிதான் வர வேண்டும். தட்டைப் பட்டை மூன்று நூலாகவே இருக்க, காடி மட்டும் ஒன்றேகால் அங்குலத்திலிருந்து ஓர் அங்குலமாக ஒடுங்கிக்கொண்டே போகும். கீழ்ப்புள்ளிக்கும் மேல்புள்ளிக்கும் நூல் அடித்து, இரண்டு பக்கமும் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கட்டி, நடுவில் தகரத்தில் வெட்டிய அச்சைக் கீழிருந்து மேலாக இழுப்பார். பூச்சு கனமாக ஒரே தடவையில் ஏறாது. மெல்லியதாக ஒன்று, அது இறுகியதும் அடுத்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் பள்ளத்தின் விளிம்பு கூராகிக்கொண்டே வரும். அகலம் மாறுகிறதே, ஒரே தகரம் எப்படிப் போதும்? கீழ்ப்பாதிக்கு ஒரு தகரம், மேல்பாதிக்கு ஒன்று. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கட்டைவிரல். காடியின் உச்சி முனையை உருட்டி முடிப்பதற்கு அம்மாவின் வெண்கலக் கரண்டி, அதன் முதுகுப் பக்கம். அந்தக் கரண்டி திரும்ப அடுப்பங்கரைக்கு வந்ததாக நினைவில்லை.

கடைசியாகச் சலித்த கிளிஞ்சல் சுண்ணாம்பில் மாக்கல் பொடி சேர்த்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்ப்பது. நான்கு தூணுக்கும் சேர்த்து ஏழு வாரம் ஆனது. “காடிக்குள்ளே கட்டைவிரலை வெச்சு இழுத்தா எங்கேயும் நிக்கக் கூடாது” என்பதுதான் அப்பாவின் சோதனை. எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இழுத்துப் பார்க்கச் சொல்வார்.

இன்னொன்றும் செய்திருந்தார். தரையிலிருந்து மூன்றடிக்குக் காடியே கிடையாது, வெறும் உருண்டைத் தூண். பின்னாளில் ஏன் என்று கேட்டேன். “திண்ணையில உக்கார்றவன் எண்ணெய்த் தலையைச் சாய்ப்பான், பையன் சைக்கிளைச் சாய்ப்பான், விளிம்பு உடையும்” என்றார். அப்பா மூன்றாவது வகுப்பு வரை படித்தவர். பல வருடம் கழித்துப் பயிற்றுநர் வேலைக்காகக் கட்டடக் கலைப் புத்தகம் ஒன்றைப் புரட்டியபோதுதான், ரோமானியர்களும் தூணின் கீழ்ப் பகுதியில் காடிக்குள் உருண்டைக் கம்பி வைத்தாற்போல நிரப்பிச் செதுக்குவார்கள் என்று படித்தேன். காரணம் அதேதான், ஆள் உரசும் உயரத்தில் விளிம்பு உடையக் கூடாது. எண்ணெய்த் தலை பற்றி மட்டும் அதில் இல்லை.

கிரேக்கத்தில் டோரிக் என்ற வகைத் தூணில் 20 காடி. நடுவே தட்டைப் பட்டை கிடையாது. இரண்டு பள்ளமும் கத்தி முனை மாதிரி ஒரு கூரான கோட்டில் சந்திக்கும். ஏதென்ஸ் பார்த்தனான் தூண்கள் அப்படித்தான். அயோனிக், கொரிந்தியன் வகைகளில் பெரும்பாலும் 24 காடி, நடுவே பட்டை. எங்கள் தூண் இந்த வகை. நூல் மடித்துப் பார்த்தவனுக்கு இதில் ஒரு சந்தேகம் வரும்: 20 வர வேண்டுமானால் ஐந்தாகப் பங்கு போட வேண்டுமே, அது தொல்லையாயிற்றே? கிரேக்கக் கல்தச்சன் கவராயம் வைத்துப் போட்டிருப்பான். கொத்தனாருக்கு 16-ம் 24-ம்தான் கை வரும். கிரேக்கர்கள் தூணைத் துண்டு துண்டாக உருட்டிக் கொண்டுவந்து அடுக்கி நிறுத்திவிட்டு, அதற்கப்புறம்தான் காடி செதுக்கினார்கள். முதலிலேயே செதுக்கினால் துண்டுகளின் பள்ளம் ஒன்றோடொன்று நேராக உட்காராது, தூக்கும்போது விளிம்பும் போய்விடும். சிசிலித் தீவில் செஜெஸ்டா என்ற ஊரில் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் பாதியில் நின்றுபோன கோயில் ஒன்று இருக்கிறது. அதன் 36 தூண்களும் இன்றைக்கும் காடி இல்லாமல் மொழுமொழுவென்று நிற்கின்றன. வேலை முடியவில்லை என்பதற்கு அந்த மொழுமொழுப்பே சாட்சி. எங்கள் வீட்டிலோ முடிந்த வேலையைத் திரும்ப அந்த நிலைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

இதைப் பார்க்க ஏதென்ஸ் வரை போக வேண்டாம். எழும்பூரில், பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குப் போனால் போதும். 1821-ல் திறந்தது. கிணறு கிணறாக இறக்கி அதன் மேல் கட்டிய கட்டடம். உள்ளே வட்டக் கூடம், மேலே நீல நிறக் குவிமாடம், அதைத் தாங்கி 16 தூண்கள், எல்லாம் காடி எடுத்தவை. தலையில் கொரிந்தியன் இலைவேலை. சுவரும் தூணும் பளிங்கு மாதிரித் தெரிந்தால் அது மதராஸ் சுண்ணாம்பின் கைங்கரியம். இந்த ஊர்க் காரை அவ்வளவு பேர் போனது: 1732-லேயே லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் மதராஸ் சாந்து தயாரிக்கும் முறை என்று ஒரு கட்டுரை வந்திருக்கிறது, வெல்லம், கடுக்காய் எல்லாம் உட்பட. ஒவ்வொரு வருடமும் மாணவர்களில் பத்துப் பேரையாவது அந்தத் தேவாலயத்துக்குக் கூட்டிப்போவேன். உள்ளே போனதும் எல்லாரும் குவிமாடத்தைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். நான் தூணைப் பார் என்பேன். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் ஓர் ஓரம் இருட்டு, ஓர் ஓரம் வெளிச்சம். அந்த இருட்டுக் கோடுகள்தான் கண்ணை மேலே இழுத்துப் போகின்றன.

நம் கல்தச்சர்கள் இதற்கு வேறு வழியில் வந்தவர்கள். அவர்கள் கணக்கு பட்டைக் கணக்கு, அதாவது பள்ளம் இல்லாத தட்டை முகங்களின் கணக்கு. சதுரக் கல்லின் நான்கு மூலையையும் சீவினால் எட்டுப் பட்டை, அந்த எட்டு மூலையையும் சீவினால் பதினாறு பட்டை. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில், கடலைப் பார்த்த கருவறையில் உச்சி உடைந்த கருங்கல் லிங்கம் ஒன்று இருக்கிறது. அதில் 16 பட்டை. தாராலிங்கம் என்பார்கள். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் மூலவரும் 16 பட்டைதான். இரண்டும் ராஜசிம்ம பல்லவன் கட்டியவை, 1,300 வருடத்துக் கதை. ஆகவே ‘புதிதாக வந்திருக்கும் டிசைன்’ என்று எழுதும்போது கொஞ்சம் பார்த்து எழுதுங்கள், ஐயா.

பட்டை போடும் கணக்கை வகுப்பில் சொல்லித் தருவேன். சதுரக் கட்டையின் மேல் 24 அங்குல அடிக்கோலைச் சாய்வாக வைத்து, இரண்டு முனையும் கட்டையின் இரண்டு விளிம்பைத் தொடும்படி செய்து, 7-லும் 17-லும் புள்ளி வைத்தால் எண்பட்டைக்கு எவ்வளவு சீவ வேண்டும் என்று வந்துவிடும். கட்டை 24 அங்குலத்துக்குள் எத்தனை அகலமாக இருந்தாலும் சரி. பையன்கள் இதைப் பார்த்து வாய் பிளப்பது எனக்கு ஓய்வூதியத்தைவிடப் பெரிய வருமானமாக இருந்தது.

இப்போது கடைகளில் விற்கும் பேனலைப் பற்றி. எனக்கு அதன் மேல் வெறுப்பு இல்லை. தம்பி மகன் ஹாலில் அது பார்க்க நன்றாகவே இருக்கிறது, அந்தச் சுவரின் விரிசலையும் மறைத்துவிட்டது. ஆனால் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டாமா? நாட்டு ஓட்டை மல்லாக்க வைத்தால் பள்ளம், கவிழ்த்து வைத்தால் மேடு. பழைய கூரையில் இரண்டும் மாறி மாறி இருக்கும். மல்லாந்த ஓடு மாதிரி வரிசையாக இருந்தால்தான் அது புளூட்டிங். கவிழ்ந்த ஓடு மாதிரி இருந்தால் அது ரீடிங், நாணல் தண்டுகளைச் சேர்த்து வைத்த மாதிரி. எகிப்தில் சக்காராவில் 4,600 வருடத்துக்கு முன்பே நாணல் கட்டு போலக் கல்லில் தூண் செய்திருக்கிறார்கள். உங்கள் பக்கத்தில் இருந்த ஆறு படங்களில் நான்கு, கவிழ்ந்த ஓடு. கடைக்காரர் இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார், நீங்களும் அப்படியே போட்டுவிட்டீர்கள். வரிக் கண்ணாடியிலும் இதே குழப்பம். பழைய டாக்டர் வீட்டுக் கதவில் வெளிச்சம் வரும், ஆள் முகம் தெரியாது, அந்தக் கண்ணாடி. பாதிக்கு மேல் மேட்டுவரிதான்.

  

திரும்பத் தூணுக்கு வருகிறேன். அழகு ஒரு பக்கம் இருக்கட்டும். பழைய செங்கல் தூணில் தரையிலிருந்து ஈரம் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பட்டியும் பிளாஸ்டிக் பெயிண்டும் ஏற்றினால் ஈரம் போக வழியில்லாமல் உப்புப் பூத்துக் கொப்புளம் கட்டும். இரண்டு மழைதான் பெய்தது, எங்கள் மூன்றாவது தூணின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் பொரிந்து நிற்கிறது. பட்டியை நம்பித் தூணை மூடியவர்கள் அடுத்த வருடம் அந்தப் பட்டியையே மறுபடி வாங்கப் போகிறார்கள்.

எங்கள் வீடு மட்டும் இல்லை. மாலையில் நடக்கப் போகும்போது எண்ணிப் பார்த்தேன். எங்கள் தெருவிலும் அடுத்த இரண்டு தெருவிலுமாகக் காடித் தூண் இருந்ததாக எனக்கு நினைவுள்ள வீடுகள் பதினொன்று. மூன்று வீடுகள் இடிந்து அபார்ட்மெண்ட் ஆகிவிட்டன. ஐந்தில் தூண் இருக்கிறது, காடி இல்லை. பட்டி, அல்லது டைல்ஸ், ஒரு வீட்டில் அலுமினியத் தகடு. பழைய கட்டடத்தை இடித்தால் பேப்பரில் வருகிறது, வழக்குப் போடுகிறார்கள். காடியை அடைத்தால் யாருக்கும் தெரிவதில்லை, ஏனென்றால் எதையும் எடுத்துப் போகவில்லையே! வெயிலும் நிழலும் விழுந்துகொண்டிருந்த ஒரு வெற்றிடத்தை நிரப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதற்குச் சட்டம் போடச் சொல்லவில்லை. புரசைவாக்கத்துத் திண்ணை வீட்டைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கச் சொன்னால் சிரிப்பார்கள். பெயிண்டரோடு பேசும்போது “காடியை அடைக்காதே, பிரஷ்ஷில் அடி, கூடுதல் கூலி தருகிறேன்” என்று வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுண்ணாம்புத் தூண் என்றால் சுண்ணாம்பே அடியுங்கள், செலவும் குறைவு. தூசிக்கு, பழைய துணியை விரலில் சுற்றி மேலிருந்து கீழே ஓர் இழுப்பு. மாதம் ஒரு முறை, நான்கு தூணுக்கும் சேர்த்து அரை மணி நேரம். அம்மா அதைத்தான் செய்தாள்.

நான் சுரண்டுவது எப்படிப் போகிறது என்றால், முதலில் ஸ்குரூ டிரைவரால் ஆரம்பித்து ஒரு விளிம்பை உடைத்துவிட்டேன். அப்புறம் மூங்கிலுக்கு மாறினேன். பழைய வெள்ளையடிப்பின் மேல் பட்டி சரியாகப் பிடிக்காததால் தட்டினால் தகடு தகடாக வருகிறது, அது ஒரு நல்ல காலம். அடியில் வெள்ளைக்கு மேல் வெள்ளை, நடுவில் ஓரிடத்தில் மஞ்சள் காவி. அது என் தங்கை கல்யாணத்துக்கு அடித்தது, 1979. அதற்கும் கீழே அப்பாவின் பூச்சு, இன்னும் வழவழப்பு போகாமல். முதல் தூண் முழுக்க வந்துவிட்டது. வீடு வடக்குப் பார்த்தது என்பதால் காலை ஏழரைக்கு வெயில் பக்கவாட்டில் வந்து அந்த ஒரு தூணில் மட்டும் 24 கோடு போடுகிறது, பக்கத்தில் மூன்றும் பைப். தம்பி மகன் இரண்டு நாள் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தான். மூன்றாம் நாள் ஆபீஸ் கிளம்பும்போது கட்டைவிரலை வைத்து இழுத்துப் பார்த்தான். யாரும் சொல்லித் தரவில்லை.

பரணில் தேடியதில் அப்பாவின் தகர அச்சு ஒன்று கிடைத்தது, கீழ்ப்பாதிக்கு உரியது. துரு ஏறியிருந்தாலும் வளைவு அப்படியே இருக்கிறது. மேல்பாதித் தகரம் கிடைக்கவில்லை. நான் உடைத்த விளிம்பையும், மூன்றாவது தூணில் பூச்சோடு பெயர்ந்துவிட்ட இரண்டு காடியையும் திரும்ப இழுக்க வேண்டும். நான் மரக்காரன், சுண்ணாம்பு எனக்குக் கை வராது. சுண்ணாம்பில் காடி இழுத்துப் பழகிய கொத்தனார் சென்னையில் எங்கேயாவது இருந்தால், வயதானவரானாலும் பரவாயில்லை, சாரம் ஏற ஆள் நான் ஏற்பாடு செய்கிறேன், உங்கள் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போடச் சொல்லுங்கள். என் முகவரி உங்களிடம் இருக்கிறது. பேப்பரில் பெயரைப் போட வேண்டாம்; அந்த ஐந்து வீட்டுக்காரர்களும் தினமும் பார்க்கிறவர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மரவேலைப் பயிற்றுநர்,
புரசைவாக்கம், சென்னை.